பார்க்காததற்குக் கோடு

மழை வருமா என்று அவளிடம் கேட்காதவர்கள் அந்தத் தெருவில் கிடையாது. துணி காயப்போடுகிறவர்கள் கேட்பார்கள், வெளியூர் கிளம்புகிறவர்கள் கேட்பார்கள், குடையை எங்கேயோ மறந்து வைத்துவிட்டு முழிக்கிறவர்கள் கேட்பார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான். "எனக்கு எப்படித் தெரியும்? வந்தா அளந்து சொல்றேன்." கேட்டவர் முகம் சுண்டிப்போகும். வானிலை ஆபீஸில் உத்தியோகம், மழையைப் பற்றித் தெரியாதாம், நல்ல கூத்துதான்! ஆனால் அவள் சொன்னது அத்தனையும் நிஜம். நாளைக்கு என்ன ஆகும் என்று சொல்வது கீழ்மாடியில் இருக்கும் முன்னறிவிப்புக்காரரின் வேலை. இன்றைக்கு, இந்த நிமிஷம், என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்து எழுதுவது இவள் வேலை. தெருக்காரர்களுக்கு இந்த வித்தியாசமெல்லாம் எதற்கு? மழைக்காரம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது.

அவளுடைய ராஜ்ஜியம் மூன்றாவது மாடிக்கு மேலே மொட்டை மாடியில். வெள்ளை அடித்த ஒரு மரப்பெட்டி நான்கு கால்களில் நிற்கும், அதற்குள் தெர்மாமீட்டர்கள். ஓரத்தில் மழை அளக்கும் செம்புக் குழாய். கம்பத்தின் உச்சியில் மூன்று கிண்ணங்கள் காற்றுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். தெற்கு மூலையில் ஒரு கண்ணாடி உருண்டை, அதன் பின்னால் ஒரு நீள அட்டை. வெயில் அந்த உருண்டை வழியாகப் புகுந்து அட்டையில் பழுப்பாக ஒரு கோடு பொசுக்கிக்கொண்டே போகும். மேகம் மறைத்த நேரத்தில் கோடு விட்டுப்போகும். சாயங்காலம் அட்டையை எடுத்துப் பார்த்தால் அன்றைய பகல் பூராவும் அதில் இருக்கும், எப்போது வெளிச்சம், எப்போது மங்கல் என்று. பன்னிரண்டு வருஷமாக அதை எடுக்கிறாள், இன்னும் அவளுக்கு அது அலுக்கவில்லை.

காலை எட்டு மணிக்கு ஒரு தடவை, மாலை ஐந்து மணிக்கு ஒரு தடவை. வானத்தை எட்டுப் பங்காக மனத்துக்குள் பிரித்து, அதில் எத்தனை பங்கு மேகம் என்று எழுத வேண்டும். எட்டில் மூன்று, எட்டில் ஏழு, இப்படி. அண்ணாந்து நின்றால் கொஞ்ச நேரத்தில் கட்டிடம் நகர்கிறதா மேகம் நகர்கிறதா என்றே தெரியாது. சம்பளம் கொடுத்து ஒருத்தியை வானம் பார்க்கச் சொல்கிறார்களே என்று அவளுக்கே சில நாள் சிரிப்பு வரும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒரு தப்பு செய்தாள். நல்ல மழை, மாடி ஏறச் சோம்பல். நேற்று வெப்பம் இருபத்து நாலரை டிகிரி, இன்றைக்கு மட்டும் என்ன பெரிதாக மாறிவிடப் போகிறது என்று கீழே உட்கார்ந்தபடியே இருபத்து நாலு புள்ளி ஆறு என்று எழுதிவிட்டாள். பதினோரு மணிக்கு மேலதிகாரி கூப்பிட்டார். தெர்மாமீட்டரைப் பழுது பார்க்க முந்தின சாயங்காலமே கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்! "இல்லாத தெர்மாமீட்டர்ல எப்படிம்மா பார்த்தே? எனக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடேன்" என்றார். ஆபீஸே சிரித்தது. அவளுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது. அன்றோடு சரி. பார்க்கவில்லையா, பதிவேட்டில் அந்தக் கட்டத்தின் நடுவில் ஒரு சின்னக் கோடு. அதுதான் ஆபீஸ் விதி. அவளுக்கு அது வேதமே ஆகிவிட்டது.

அந்த மாடியில்தான் அவள் மகளும் வளர்ந்தாள். வீட்டுக்காரர் பஸ் ஓட்டுநர், விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவார். குழந்தையை யாரிடம் விடுவது? கூடவே கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள். ஆபீஸில் எல்லோரும் அவளைப் பொடிசு என்பார்கள். உருவம் பொடிசுதான். வாய் திறந்தால் அப்பப்பா!

மூன்று வயதில் அப்பாவின் பஸ் போர்டுகளைப் பார்த்தே படிக்கக் கற்றுக்கொண்டது. நாலு வயதில், "அம்மா, எட்டில் எட்டு மேகம்னா வானம் இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டு அம்மாவைத் திணறடித்தது. சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் கம்பெனித் துணுக்கு உறுத்தினால் ஊரைக் கூட்டும். எல்லாச் சட்டையிலும் அதை வெட்டி எறிந்தாக வேண்டும். மழைக் குழாயில் ஓர் எறும்பு செத்துக் கிடந்ததற்கு இரண்டு நாள் சாப்பிடவில்லை. படம் வரைந்து ஒரு கோடு கோணினால் போதும், தாள் சுக்குநூறு. அறிவுக்குப் பன்னிரண்டு வயது, அழுகைக்கு நாலு வயது, செருப்புக்கு மட்டும் சரியாக ஏழு வயது. இந்த மூன்று பேரையும் ஒரே நாளில் குளிப்பாட்டிச் சாப்பிட வைத்துத் தூங்கப்பண்ணுவது லேசுப்பட்ட காரியமா? ராத்திரி படுக்கையில் அம்மாவுக்கு இடுப்பு விட்டுப்போகும். பிள்ளைமேல் கோபமும் வரும், கோபப்பட்டோமே என்று அழுகையும் வரும்.

பொடிசு தனக்கென்று ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தது. அம்மா எழுதுவதையெல்லாம் அதுவும் எழுதும். எட்டிப் பார்க்க முடியாத நாளில், "போன தடவை எவ்வளவு இருந்துச்சோ அதையே போட்டுக்கட்டுமா?" என்று ஒரு முறை கேட்டது. அம்மாவுக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆவேசம் வந்ததோ, "பார்க்காததை எழுதக் கூடாது! என்ன ஆனாலும் எழுதக் கூடாது! கோடு போடு!" என்று கத்திவிட்டாள். பொடிசு பயந்துபோய்க் கோடு போட்டது. அம்மா அதை அன்றைக்கே மறந்துவிட்டாள்.

முன்னறிவிப்புக்காரரிடம் பொடிசுக்கு அதன் பிறகு பேச்சுவார்த்தையே கிடையாது. ஒரு நாள் நேராக அவர் மேஜை முன்னால் போய் நின்று, "மாமா, நேத்து மழைன்னு எழுதினீங்க. வரலை. ஏன் பொய் சொன்னீங்க?" என்று கேட்டதோடு சரி. மனுஷர் டீ புரையேறி இருமினார்.

பள்ளிக்கூடத்திலும் அதே கதைதான். இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள், வாயைத் திறந்தால் சித்தப்பா புராணம். சித்தப்பா வீட்டுத் தொட்டியில் திமிங்கிலம் வளர்க்கிறார், சித்தப்பா கயிறு கட்டி ஏரோப்பிளேனிலிருந்து இறங்குகிறார். வகுப்பே அவளுக்குப் புளுகுமூட்டை என்று பெயர் வைத்திருந்தது, ஆனாலும் சுற்றி உட்கார்ந்து கேட்கும். பொடிசு மட்டும் எழுந்து நின்று, "திமிங்கிலம் முப்பது மீட்டர். உங்க சித்தப்பா வீடு முப்பது மீட்டரா?" என்றது. கதை நின்றுபோனது. எல்லோரும் பொடிசை முறைத்தார்கள். அடுத்த நாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் அது தனியாக ஜன்னலோரம் உட்கார்ந்து மேகம் எண்ணியது.

இப்படி இருக்கையில் ஒரு புதன்கிழமை பெரிய டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். அரையாண்டுப் பரீட்சைத் தாள்கள் மேஜைமேல் இருந்தன.

"பாருங்கம்மா, உங்களுக்கே தெரியும். ஒண்ணாம் வகுப்புல படம் பார்த்துச் சொல்ற பரீட்சை, ஒப்பேத்திடுச்சு. இப்ப எழுத வேண்டி வந்ததும் ஒண்ணுமே இல்லை. வகுப்புல வாயைத் திறந்தா கேள்விதான் வருது, பதில் வரலை. திங்கள்கிழமைலேர்ந்து ஒண்ணாம் வகுப்புலயே உக்காரட்டும். வெள்ளிக்கிழமை இந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டுக் கொண்டாந்துடுங்க."

வீட்டுக்குப் போனதும் ஓட்டுநர் சொன்னார்: "போட்டுக் கொடுத்துடு. ஒரு வருஷம் பின்னால போனா குடியா முழுகிடும்? எல்லா ஸ்டாப்லயும் நின்னு போற பஸ்ஸும் ஊர் போய்ச் சேரத்தானே செய்யுது?"

"என்னங்க பேசறீங்க? அவ தனியா உக்காந்து சாப்பிடறா. இன்னும் சின்னப் பிள்ளைங்களோட கொண்டுபோய் உக்கார வெச்சா யாரோட பேசுவா?"

"இப்ப மட்டும் யாரோட பேசறா?" என்றார் அவர். அதட்டலாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார்.

மறுநாள் மாலை அட்டையைக் கழற்றிவிட்டு, மாடிச் சுவரில் சாய்ந்து அந்தப் பரீட்சைத் தாள்களைப் பிரித்தாள். பக்கத்தில் பொடிசு மல்லாக்கப் படுத்து வானம் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் கேள்வி: ஒரு பஸ்ஸில் எட்டுப் பேர், மூன்று பேர் இறங்கினால் மீதி எத்தனை பேர்? பதில் எழுதும் இடத்தின் நடுவில் ஒரு சின்னக் கோடு. பூமியின் வடிவம் என்ன? கோடு. ஒரு கூடையில் பத்து ஆரஞ்சு... கோடு. எல்லாம் ஒரே நீளம், கட்டத்துக்குச் சரியாக நடுவில், அளந்து வைத்த மாதிரி. ஒரே ஒரு கேள்விக்குப் படம் இருந்தது. படத்தில் எத்தனை பறவைகள்? அதற்கு மட்டும் பதில் பொங்கி வழிந்திருந்தது. 'ஏழு. ஒன்று இலைக்குப் பின்னால் இருக்கிறது, வால் மட்டும் தெரிகிறது. சூரியன் இடது பக்கம் இருக்கிறது. ஆனால் மரத்தின் நிழலும் இடது பக்கம் விழுகிறது. படம் வரைந்தவர் வெளியே போய்ப் பார்க்கவில்லை.'

அந்தக் கோடு யாருடைய கோடு என்று அவளுக்குத் தெரியாதா? பத்து வருஷத்துக்கு மேலாக அவள் கை போட்ட கோடு!

"குட்டி, இங்க வா. எட்டுப் பேர்ல மூணு பேர் இறங்கினா எத்தனை பேர்?"

"அஞ்சு. இதுகூடவா தெரியாது?"

"அப்புறம் ஏண்டி எழுதலை?"

பொடிசு எழுந்து உட்கார்ந்தது. அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்பது போலப் பார்த்தது. "அந்த பஸ்ஸை நான் பார்க்கலையே மா. நடுவுல யாராவது ஏறியிருந்தா?"

அவளால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. கடைசித் தாளைத் திருப்பினாள். உன் தோழியைப் பற்றி மூன்று வரிகள் எழுதுக. மூன்று வரிக்கும் மூன்று கோடுகள்.

"இது?"

"அதுவும் பார்க்கலை மா" என்றது பொடிசு. வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மழை அளவு பூஜ்யம் என்று சொல்வது போலச் சொன்னது. சொல்லிவிட்டு மறுபடி மேகத்தைப் பார்க்கப் போய்விட்டது.

மேலே கிண்ணங்கள் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன. மேற்கே மேகமெல்லாம் ஆரஞ்சாக மாறி, பிறகு சாம்பலாகி, ஒன்றுக்குள் ஒன்று கரைந்து போய்க்கொண்டிருந்தது. பிள்ளையை மந்தம் என்கிறார்களே என்று நேற்றெல்லாம் பள்ளிக்கூடத்தைத் திட்டித் தீர்த்தாள். இன்றைக்கு யாரைத் திட்டுவது? இந்தக் குழந்தைக்கு எதைச் சொன்னாலும் ஆழமாகப் போய்விடும். அரைகுறையாகக் கேட்டு மறந்துபோக அதற்குத் தெரியாது. அது தெரிந்தும் கத்தியவள் இவள்தானே.

கீழே இறங்கிப்போய் முன்னறிவிப்புக்காரரின் நோட்டை வாங்கிக்கொண்டு வந்தாள். தன் பதிவேட்டையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது." இருபத்து நாலு புள்ளி ஆறு கதையைச் சொன்னாள். இல்லாத தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதியதை, ஆபீஸே சிரித்ததை, பாத்ரூமில் போய் அழுததை.

பொடிசின் கண் விரிந்தது. "நீயா மா?"

"நானேதான். அன்னிக்குப் பட்ட பயம் இன்னும் போகலை. அந்தப் பயத்துல உனக்கும் ஒரு சட்டை தைச்சு மாட்டி விட்டுட்டேன். அது உன்னை உறுத்துது, எனக்குத் தெரியலை. தப்பு என்னோடதுடி கண்ணு."

பொடிசு அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டது.

"இதோ பாரு, ரெண்டு நோட்டு. இது பார்த்தது. இதுல பார்க்காததை எழுதினா பொய். அது மாமாவோடது. பார்த்ததை எல்லாம் வெச்சு, பார்க்காததை நினைச்சு எழுதறது. அது பொய் இல்லை. பேரே முன்னறிவிப்பு. அதுவும் வேணும். இல்லாட்டி யார் குடை எடுத்துட்டுப் போவா?"

"தப்பாப் போயிட்டா?"

"போகும். நாலு நாளைக்கு ஒரு நாள் போகத்தான் செய்யுது."

"அப்ப மாமா அழுவாரா?"

"டீ குடிப்பாரு. குடிச்சிட்டு மறுநாளைக்கு எழுதுவாரு."

பொடிசு அந்த நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டியது. தப்பாய்ப் போன நாள்களின் பக்கத்தில் சிவப்புப் பேனாவில் சின்னதாக ஒரு குறி இருந்தது. எந்தப் பக்கமும் கிழிக்கப்படவில்லை. கீழ்மாடியில் விளக்குப் போடும் வரைக்கும் அது புரட்டிக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடாத தாளோடு பெரிய டீச்சர் முன்னால் போய் நின்றாள். நடந்ததைச் சொன்னாள். பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எத்தனையோ அம்மாங்க சாக்குச் சொல்லிக் கேட்டிருக்கேன். இது புதுசு" என்றார். நம்பினாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. ஆனால் அதே கேள்வித்தாளின் புதுப் பிரதி ஒன்றை எடுத்து, எதிரே இருந்த மேஜையில் பொடிசை உட்கார வைத்தார். "ஒரு மணி நேரம். அம்மா வெளியில இருங்க."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரத்தில் வானத்தில் என்ன மேகம் இருந்தது என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. பன்னிரண்டு வருஷத்தில் அவள் வானத்தைப் பார்க்க மறந்தது அன்றைக்குத்தான்.

உள்ளே கூப்பிட்டார்கள். பெரிய டீச்சர் தாளை நீட்டினார். உச்சியில், பெயர் எழுதும் இடத்துக்குப் பக்கத்தில், கொட்டை எழுத்தில் 'முன்னறிவிப்பு' என்று எழுதியிருந்தது. அதன் கீழே எல்லாக் கேள்விக்கும் பதில். ஒன்றே ஒன்று தப்பு. அதை அடித்துத் திருத்தியிருந்தது, ஆனால் தாளைக் கிழிக்கவில்லை. அவள் கை கடைசிப் பக்கத்துக்குப் போனது.

உன் தோழியைப் பற்றி மூன்று வரிகள் எழுதுக.

'என் தோழி இன்னும் வரவில்லை. வந்தால் நிறையப் பேசுவாள். நான் நடுவில் திருத்த மாட்டேன்.'

அவளுக்கு எழுத்தெல்லாம் கலங்கிப்போனது. பெரிய டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மக்குப் பிள்ளைங்களைக் கண்டுபிடிக்கத் தெரியும்னு எனக்கு ஒரு கர்வம் இருந்துச்சும்மா" என்றார். "ரெண்டாம் வகுப்புலயே இருக்கட்டும். அதுக்கு மேல இதை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு நிஜமாவே எனக்குத் தெரியலை. நீங்களும் வந்து சொல்லுங்க, நாங்களும் கத்துக்கறோம்."

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று சொன்னால் நீங்களே நம்ப மாட்டீர்கள். சட்டைத் துணுக்கு இன்னும் உறுத்துகிறது. எறும்புக்கு இன்னும் அழுகை வருகிறது. ஆனால் அடுத்த வாரம் ஒரு நாள் பொடிசு ஓட்டமாக வந்து, பையைக்கூடக் கழற்றாமல் சொன்னது: "அம்மா! அவ புளுகலை மா! அவளும் முன்னறிவிப்புதான் சொல்றா. அது முன்னறிவிப்புன்னு யாரும் அவகிட்ட சொல்லலை, அதான்!" அதைக் கேட்டு ஓட்டுநர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

அந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மாடியில் மூன்று பேர். புளுகுமூட்டை வெள்ளைப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது, கண்ணாடி உருண்டைக்குள் தலைகீழாகத் தெரிந்த ஊரைப் பார்த்து வாயைப் பிளந்தது. பிறகு பொடிசின் பக்கத்தில் மல்லாக்கப் படுத்தது. மேலே ஒரு பெரிய மேகம் அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது.

"அதுக்குள்ள எங்க சித்தப்பா இருக்காரு" என்றது புளுகுமூட்டை.

தெர்மாமீட்டர் பெட்டியின் கதவைத் திறந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. பொடிசு வாயைத் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது.

"எத்தனை மணிக்கு இறங்குவாரு?" என்று கேட்டது.

"அஞ்சு மணிக்கு! கயிறு போட்டு!" கதை கிளம்பிவிட்டது. அரை மணி நேரம் அது நிற்கவே இல்லை. பொடிசு நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டது என்னவோ உண்மை, அம்மா பார்த்தாள். தெர்மாமீட்டரை இரண்டு தடவை பார்த்துத்தான் அவளால் எழுத முடிந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்கும் அவர்கள் இருவரும் மாடியில்தான் இருந்தார்கள், சித்தப்பாவுக்காக. இருட்டத் தொடங்கிய பிறகு அந்தப் பெண்ணை வீட்டில் விட்டுவிட்டு வந்து, அம்மா பொடிசின் சின்ன நோட்டைப் பிரித்துப் பார்த்தாள். புதிதாகத் தொடங்கியிருந்த முன்னறிவிப்பு நோட்டு இல்லை, பார்த்ததை எழுதும் பழைய நோட்டு.

மேகம்: எட்டில் மூன்று. மழை: பூஜ்யம். சித்தப்பா: கோடு. தோழி: ஒன்று.